பப்பாளி ஸ்மூதி ஏன் கசக்கிறது?

கேள்வி: காலை டிபனுக்குப் பதிலாகப் பப்பாளியும் பாலும் சேர்த்து ஸ்மூதி அடிக்கிறேன். உடனே குடித்தால் இனிக்கிறது. அரை மணி நேரம் கழித்துக் குடிக்கும் என் கணவரோ, மருந்து மாதிரிக் கசக்கிறது என்கிறார். எனக்குப் பதினொரு மணிக்கே பசியும் எடுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கணவர் சொல்வது உண்மைதான். பழத்தின் மேலும் தப்பில்லை. ஆட்டுக்கறி சீக்கிரம் வேகட்டும் என்று பப்பாளிக்காயை அரைத்துத் தடவி ஊறவைப்போமே, அதே சங்கதிதான் உங்கள் டம்ளரிலும் நடக்கிறது. பப்பாளியில் உள்ள பப்பெய்ன் என்ற நொதி புரதத்தைத் துண்டு துண்டாக உடைக்கும். கறி அதனால் மிருதுவாகிறது. பால் புரதம் உடையும்போதோ, அந்தத் துண்டுகளில் சில நாக்குக்குக் கசக்கின்றன. காயில்தான் இந்த நொதி அதிகம். ஆனாலும் பழத்தில் மிச்சமிருப்பதே போதும். ஃப்ரிட்ஜில் வைத்தால் வேகம் குறையும், நிற்காது. தயிருக்கு மாறினாலும் தப்பிக்க முடியாது, அதிலும் பால் புரதம்தானே!

அதனால் பப்பாளியை இளநீர் விட்டு அடித்து, நாலு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள். பால்தான் வேண்டுமென்றால், அவர் எழுந்து வந்த பிறகு அவர் பங்கை அரையுங்கள். அன்னாசியும் கிவியும் இதே ரகம். அன்னாசித் துண்டுகளைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும். ஆரஞ்சு, திராட்சையின் புளிப்பில் பால் திரிந்துபோகும், அவற்றுக்குத் தயிர்தான் சரி. பாலோடு கவலையில்லாமல் சேர்பவை வாழை, மாம்பழம், சப்போட்டா.

அப்புறம், பசி. 200 மில்லி பாலில் புரதம் 6, 7 கிராம்தான். ஒரு கைப்பிடி வேர்க்கடலையை (சுமார் 30 கிராம்) இரவே ஊறவைத்துச் சேர்த்தால், இன்னொரு 7 கிராம் கிடைக்கும். இரண்டு ஸ்பூன் ஓட்ஸும் போடலாம். தயவுசெய்து வடிகட்டாதீர்கள், வயிறு நிறைந்தாற்போல வைத்திருக்கும் நார்ச்சத்து வடிகட்டியிலேயே தங்கிவிடும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் பழம் அரை கப்போடு நிற்கட்டும். அரைத்துக் குடிக்கும்போது எவ்வளவு பழம் உள்ளே போனது என்றே தெரியாது.

கடலையை முதலில் கொஞ்சம் பால் மட்டும் விட்டு அரைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினால் கடலை அரைபடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், மூடி வழியாகப் பாலும் தெறிக்கும். ஐஸ் தேவையில்லை. நன்கு கனிந்த வாழைப்பழத்தை முந்தின இரவே நறுக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் குளிர்ச்சியும் கெட்டியும் அதிலேயே வந்துவிடும்.