வெளுத்துப்போன மிளகாய்த்தூள்: கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் மளிகைக் கடையில் ஒரு கிலோ மிளகாய்த்தூள் வாங்கினேன். பாதியைக் கண்ணாடி பாட்டிலில் கொட்டி ஜன்னலோரம் வைத்தேன். மீதி எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. பாட்டிலில் இருப்பது இப்போது வெளுத்து, காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. காரம் மட்டும் குறையவில்லை. சாயத் தூளைத் தலையில் கட்டிவிட்டார்களா? திருப்பிக் கொடுக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் அந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பாருங்கள். அது சிவப்பாகவே இருந்தால் கடைக்காரரை விட்டுவிடுங்கள், கோளாறு உங்கள் ஜன்னலில். பாட்டிலுக்குள்ளும் ஒரு ஸ்பூனை விட்டுத் தோண்டுங்கள். கண்ணாடியை ஒட்டிய தூள்தான் அதிகம் வெளுத்திருக்கும், நடுவில் இருப்பது அவ்வளவு மோசமாக இருக்காது.

மிளகாய்க்குச் சிவப்பு தருவது கேப்சாந்தின், கேப்சோருபின் என்ற நிறமிகள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினுக்கு இவை பங்காளிகள், கரோட்டினாய்டு குடும்பம். நீளமான கார்பன் சங்கிலி, அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அந்த வரிசை நீளமாக இருப்பதால்தான் நிறமே தெரிகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளில் போய்க் கைவைக்கும். வெளிச்சம் அதைத் தூண்டிவிடும், அடுப்புச் சூடு வேகத்தைக் கூட்டும். சங்கிலி அறுந்தால் மிஞ்சுவது நிறமில்லாத துண்டுகள். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் வேறு ஜாதி, இவ்வளவு சுலபத்தில் அழியாது. அதனால்தான் நிறம் போயும் உங்களுக்கு நாக்கு எரிகிறது.

முழு மிளகாயாக இருந்தால் தோல் ஓரளவு காக்கும். அரைத்ததும் ஒவ்வொரு துகளும் காற்றுக்கு முகம் காட்டி நிற்கிறது. குண்டூர் வியாபாரிகள் வற்றலை மூட்டை மூட்டையாகக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்குவது சும்மா இல்லை. நிறம் போனால் விலையும் போய்விடும்.

இனி வாங்கும்போது, கடை வாசலில் வெயிலில் தொங்கும் கண்ணாடி கவர் பாக்கெட்டைத் தொடாதீர்கள். பேக் செய்த தேதியைப் பாருங்கள். ஒரு கிலோவுக்குப் பதில் கால் கிலோ போதும். என்னைக் கேட்டால், வற்றல் வாங்கி மிஷினில் அரைத்து, டப்பாவில் அமுக்கி நிரப்பி, அலமாரிக்குள் வைப்பதுதான் சரி.

டப்பாவில் இருப்பதும் வெளுத்திருந்தால்? பழைய சரக்காக இருக்கலாம். பில்லோடு போய்க் கேளுங்கள்.

சாயச் சந்தேகம் தீரவில்லையா? ஒரு டம்ளர் தண்ணீர் மேல் தூளைத் தூவுங்கள். உடனே நிறக்கோடுகள் கீழே இறங்கினால் செயற்கைச் சாயம். ஆனால் ‘சூடான்’ என்ற பெயருள்ள செயற்கைச் சாயம் எண்ணெயில் கரைவது, இந்தச் சோதனையில் சிக்காது. அதற்கு ஆய்வகம்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006, பிரிவு 40-இன்படி கட்டணம் கட்டி நீங்களே உணவைப் பரிசோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். தரமில்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆக, மூன்று மாதப் பழைய பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். புதிதாக வாங்கியே கொடுக்க வேண்டும்.

கேள்வி: குங்குமப்பூவும் இப்படி வெளுக்குமா? கடையில் பளிச்சென்ற விளக்கடியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். (வாசகர், திருச்சி)

பதில்: வெளுக்கும். அதன் நிறம் குரோசின், அதுவும் கரோட்டினாய்டு வழி வந்ததுதான். விளக்கடியில் காட்சிக்கு இருப்பதை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மூடிய தகர டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வெந்நீரில் இரண்டு இழை போட்டுப் பாருங்கள். நல்ல பூ மெதுவாக மஞ்சள் விடும், இழை சிவப்பாகவே கிடக்கும். போட்டதும் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம் ஏற்றிய சரக்கு.