பாலி போகிறோம்: எரிமலைச் செய்திகளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு பாலி போக டிக்கெட் எடுத்துவிட்டோம். அப்படியே கிழக்கு ஜாவாவுக்குப் போய் புரோமோ, இஜென் எரிமலைகளையும் பார்க்க ஆசை. ஆனால் 'இந்தோனேசியாவில் எரிமலை வெடித்தது' என்று அடிக்கடி செய்தி வருகிறது. நிலவரத்தை எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது? மகனுக்கு வீசிங் உண்டு.
– வாசகி, கோவை

பதில்: செய்தியில் முதலில் மலையின் பெயரைத் தேடுங்கள். இந்தோனேசியாவில் செயல்படும் எரிமலைகள் நூற்றுக்கும் மேல். அவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் குமுறிக்கொண்டேதான் இருக்கும். 2024, 2025 ஆண்டுகளில் பாலி விமானங்களை ரத்தாக வைத்த லெவோடோபி லாகி-லாகி பாலியிலேயே இல்லை. அது கிழக்கே எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஃபுளோரஸ் தீவில் இருக்கிறது. மத்திய ஜாவாவின் மெராபி வேறு, மேற்கு சுமத்ராவின் மராபி வேறு. புரோமோவுக்குத் தெற்கே தெரியும் செமெரு அடிக்கடி சாம்பல் கக்குகிற மலை. 'செமெரு வெடித்தது' என்ற தலைப்பை மட்டும் பார்த்து புரோமோவைக் கைவிட வேண்டாம்.

பெயர் தெரிந்துவிட்டால் மாக்மா இந்தோனேசியா இணையதளத்துக்குப் போங்கள். அந்நாட்டு அரசின் எரிமலை ஆய்வு மையம் நடத்துவது அது. மலையடிவாரக் கண்காணிப்பு நிலையங்களில் இருப்பவர்கள் அனுப்பும் குறிப்புகள் அதில் வந்துகொண்டே இருக்கும். புகை எவ்வளவு உயரம் போனது, வெள்ளையா கறுப்பா, எந்தத் திசையில் சாய்கிறது, நில அதிர்வுமானியின் கோடு எத்தனை மில்லிமீட்டர் அசைந்தது, எத்தனை நொடி நீடித்தது என்று எல்லாம் இருக்கும். வெள்ளை என்றால் பெரும்பாலும் நீராவி. கறுத்திருந்தால் பாறைத்தூள் கலந்திருக்கிறது. உயரத்தை மலையுச்சியிலிருந்து ஒரு கணக்கும் கடல்மட்டத்திலிருந்து ஒரு கணக்குமாகத் தருவார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எச்சரிக்கை நிலைகள் கீழிருந்து மேலாக நான்கு: நார்மல், வாஸ்படா, சியாகா, அவாஸ். என்னைக் கேட்டால், இந்த நிலையைவிட அதன் கீழே வரும் அறிவுரை வரிதான் முக்கியம். எரிமலை வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்பது அதில்தான் இருக்கும். 2023 டிசம்பர் 3 அன்று மராபி வெடித்தபோது அது இரண்டாம் நிலையில்தான் இருந்தது. வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்ற அறிவுரையும் இருந்தது. ஆனாலும் மலையேறிகள் மேலே இருந்தார்கள்; 24 பேர் இறந்தார்கள். ஜப்பானின் ஒன்டாகே 2014 செப்டம்பர் 27 அன்று வெடித்தபோது எச்சரிக்கை மிகக் கீழான முதல் நிலையில் இருந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர்.

இதற்குக் காரணம் உண்டு. மாக்மா, அதாவது உருகிய பாறைக்குழம்பு, கீழிருந்து மேலேறும்போது பாறை உடைந்து சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் வரும், மலை உப்பும், கந்தக டை ஆக்சைடு கூடும். இவற்றையெல்லாம் கருவிகள் பிடித்துவிடும். ஆனால் ஒன்டாகேயில் நடந்தது நீராவி வெடிப்பு. நிலத்தடி நீர் சூடேறி, அடைபட்டு, திடீரென்று வெடிக்கும். போதிய முன்னறிகுறி பல நேரம் இருக்காது. அதனால் நிலை குறைவாக இருக்கிறது என்ற தைரியத்தில் வாயின் விளிம்பில் நெடுநேரம் நிற்காதீர்கள்.

எச்சரிக்கை நிலை தேதி சொல்லும் ஜோதிடமும் அல்ல. பாலியின் அகுங் மலைக்கு 2017 செப்டம்பர் 22 அன்று உச்ச எச்சரிக்கை விடுத்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். மலை வெடித்ததோ நவம்பர் 21 அன்று. அதற்குள் எச்சரிக்கையை ஒரு படி குறைத்திருந்தார்கள். மக்களை முன்கூட்டியே நகர்த்தியது சரியான முடிவு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

விமானத்துக்கு இன்னொரு அளவுகோல் இருக்கிறது: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. இதற்கும் தரை எச்சரிக்கைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். சாம்பல் என்பது நுண்ணிய கண்ணாடியும் பாறைத்துகளும். ஜெட் எஞ்சினின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டி அடைத்துக்கொள்ளும். 1982 ஜூன் 24 இரவு, ஜாவாவின் கலுங்குங் கக்கிய சாம்பலுக்குள் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நுழைந்து, நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. உலர்ந்த சாம்பல் என்பதால் வானிலை ரேடாரில் எதுவும் தெரியவில்லை. கீழே இறங்கியதும் எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்றன. ஆனால் சாம்பல் உரசி முன்கண்ணாடி மங்கிப்போனதால், விமானிகள் வெளியே சரியாகப் பார்க்க முடியாமலேயே ஜகார்த்தாவில் தரையிறக்கினார்கள்.

இன்று உலகம் முழுவதையும் ஒன்பது சாம்பல் எச்சரிக்கை மையங்கள் பகிர்ந்து கவனிக்கின்றன. இந்தோனேசியா ஆஸ்திரேலியாவின் டார்வின் மையத்தின் கண்காணிப்பில் வருகிறது. அதன் அறிக்கையில் 'எஃப்.எல். 450' என்றிருந்தால் சாம்பல் 45,000 அடி வரை எழுந்திருக்கிறது என்று பொருள். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டிவிட்டது. அடுத்த 6, 12, 18 மணி நேரத்தில் சாம்பல் எங்கே நகரும் என்பதும் இருக்கும். நேரம் உலகப் பொது நேரத்தில் வரும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் லெவோடோபி வெடித்தபோது டெல்லியிலிருந்து பாலிக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் நடுவழியில் திரும்பியது. ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி வையுங்கள். பயணக் காப்பீட்டை இப்போதே எடுங்கள். வெடிப்புச் செய்தி வந்தபின் எடுத்தால், அந்த வெடிப்பால் வரும் நஷ்டத்துக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள்.

நாள்தோறும் பார்க்க நேரமில்லை என்றால், ஸ்மித்சோனியன் நிறுவனமும் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையமும் சேர்ந்து வெளியிடும் வாராந்தர அறிக்கை போதும். உலக எரிமலைகளின் அந்த வார நிலவரம் சுருக்கமாக அதில் இருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து மாக்மா இந்தோனேசியாவைத் தினமும் பாருங்கள்.

மகனை இஜெனுக்கு அழைத்துப் போகாதீர்கள். அங்கே கந்தகத் துளைகளிலிருந்து வரும் வாயு, வீசிங் உள்ளவர்களின் மூச்சுக்குழாயை உடனே இறுக்கும். என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. புரோமோவை பெனஞ்சாகன் காட்சிமுனையிலிருந்து விடியலில் பாருங்கள். அங்கிருந்து செமெருவும் சேர்ந்து தெரியும். விடியற்காலைக் குளிரே வீசிங்கைக் கிளப்பலாம், இன்ஹேலரைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்திருங்கள்.