அலமாரியில் கிடக்கும் சொட்டு மருந்து: கேள்வி பதில்

கடலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக முப்பது வருஷம் ஓட்டிவிட்டு, இப்போது திருப்பாதிரிப்புலியூரில் சும்மா இருக்கிறேன். சும்மா இருக்க எங்கே விடுகிறார்கள்? மழை விட்டதும் சிவந்த கண்ணோடு நாலு பேர் வாசலில் நிற்பார்கள். ஆளாளுக்குக் கையில் ஒரு பாட்டில். "அக்கா, இத விடலாமா?" கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இந்த முறை வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்தக் கண்ணை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பார்த்துப் பழகியவள்.

அக்கா, பையன் அஞ்சாவது படிக்கிறான். ரெண்டு கண்ணும் சிவந்து தண்ணியா கொட்டுது. மெடிக்கல்ல கேட்டதுக்கு ஆன்டிபயாடிக் சொட்டு குடுத்தாரு. விடட்டுமா? (மஞ்சக்குப்பம், ஒரு அம்மா)

முதலில் பீளையைப் பாருங்கள் அம்மா. காலையில் எழுந்ததும் இமை இரண்டும் பசை போட்டதுபோல ஒட்டிக்கிடக்கிறதா? துடைத்த அரைமணியில் மறுபடி மஞ்சளாக, பச்சையாகக் கெட்டியாக வருகிறதா? அப்படியானால் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீராகக் கொட்டுகிறது, மணல் விழுந்ததுபோல உறுத்துகிறது, சளியும் தொண்டை வலியும் கூடவே இருக்கிறது, ஒரு கண்ணில் ஆரம்பித்து ரெண்டாம் நாள் அடுத்த கண்ணுக்குத் தாவியது என்றால் பெரும்பாலும் வைரஸ். நாம் 'மெட்ராஸ் ஐ' என்கிறோமே, அதுதான். அரிப்புதான் பிரதானம், கசக்கிக்கொண்டே இருக்கிறான் என்றால் அலர்ஜி.

ஆன்டிபயாடிக் சொட்டு வேலை செய்வது முதல் வகையில் மட்டும்தான். வைரஸை அது ஒன்றும் செய்யாது. அது ஒன்று இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். நீங்கள் சொல்வதைக் கேட்டால் பையனுக்கு வைரஸ் மாதிரிதான் தெரிகிறது. சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து ஒத்தடம் கொடுங்கள், துண்டும் தலையணை உறையும் தனியாக வையுங்கள், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லுங்கள். வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது, வலிக்கிறது, பார்வை மங்கலாக இருக்கிறது என்றால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். இன்னொன்று, மெட்ராஸ் ஐ பார்த்தால் ஒட்டாது. பெரும்பாலும் கை, துண்டு வழியாகத்தான் ஒட்டும். பாவம், அந்தப் பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி மூலையில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

கரும்புல சோகை உரிக்கும்போது எங்க மாமாவுக்குக் கண்ணுல கீறிடுச்சு. வீட்ல போன வருஷத்து சொட்டு மருந்து இருந்துது, விட்டாரு. ரெண்டே நாள்ல சிவப்பு குறைஞ்சு நல்லா ஆயிடுச்சுன்னாரு. இப்ப அஞ்சாவது நாள், கருவிழில வெள்ளையா ஒரு புள்ளி தெரியுது, வலி தாங்கல. சொட்ட மாத்தணுமா? (நெல்லிக்குப்பம், ஒரு தம்பி)

தம்பி, மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் மாமாவை வண்டியில் ஏற்றுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், எது சீக்கிரம் போய்ச் சேருமோ அங்கே. இன்றைக்கே. அந்த பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

மற்றவர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். கரும்புச் சோகை, நெல் சுணை, சவுக்குக் குச்சி, மாட்டு வால் என்று எது கண்ணில் பட்டுக் கீறினாலும், நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் பாக்டீரியா மட்டுமில்லை, பூஞ்சையும் உள்ளே போகும். ஃப்யூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்று பெயர். பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் உதவாது. அதற்கு நாட்டமைசின் போன்ற வேறு மருந்து உண்டு.

"ரெண்டே நாள்ல நல்லா ஆயிடுச்சு" என்றார் பாருங்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். நம் வீடுகளில் மிச்சம் கிடக்கும் பாட்டில் பலவற்றில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்கிவிடும், ஆள் குணமாகிவிட்டதாக நினைப்பார். உள்ளே கண்ணின் எதிர்ப்பு சக்தியையும் அது கட்டிப்போடுவதால் பூஞ்சை சாவகாசமாகப் பரவும். அக்கி வகை வைரஸ் கருவிழியில் வந்தாலும் இதே கதைதான். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும்.

லேபிளில் மருந்தின் பெயரைத் தேடிப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால், ஃபுளோரோமெத்தலோன், இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பல நேரம் மருந்துப் பெயரின் வாலில் 'டி' என்று ஒரு எழுத்து ஒட்டியிருக்கும், அது டெக்ஸாமெத்தசோனைக் குறிப்பது. டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்து எழுதிக் கொடுத்தால் அது அருமையான மருந்து. நாமாக எடுத்து விட்டால் வினை.

மேடம், எனக்கு சொட்டு விடவே வரல. பாதி கன்னத்துல போயிடுது. அதனால நாலஞ்சு சொட்டு விடறேன். தொண்டைல கசக்குது வேற. (முத்தியால்பேட்டை, கல்லூரி மாணவி)

ஒரு சொட்டு போதும் கண்ணு. ஒரு சொட்டு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணுக்குள் தங்க இடமிருப்பதே சுமார் 30. மிச்சம் கன்னத்துக்குத்தான் வரும். நாலு சொட்டு விட்டால் மூன்று சொட்டு காசு கன்னத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பீளை இருந்தால் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால், மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்து அந்தப் பஞ்சைப் போட்டுவிடுங்கள், அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. பிறகு படுத்துக்கொள்ளுங்கள், அல்லது தலையை அண்ணாந்து உட்காருங்கள். கீழிமையை ஒரு விரலால் இழுத்தால் சின்னதாக ஒரு பை விரியும். கண் மேலே விட்டத்தைப் பார்க்கட்டும், சொட்டு அந்தப் பையில் விழட்டும். நேராகக் கருவிழி மேல் விட்டால் பதறிக் கண்ணை மூடிவிடுவீர்கள். பாட்டில் மூக்கு இமையிலோ மயிரிலோ விரலிலோ படக்கூடாது. ஒரு முறை பட்டாலும் கண்ணில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குக் குடியேறிவிடும், அடுத்த வேளை நீங்களே அதை எடுத்து விட்டுக்கொள்வீர்கள்.

கசப்புக்குக் காரணம் கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்கு இறங்கும் ஒரு குழாய். சொட்டு விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய அந்த மூலையை ஒரு விரலால் ஒன்றிரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். இறுக்கி மூடாதீர்கள், சிமிட்டாதீர்கள். மருந்தும் கண்ணில் தங்கும், கசப்பும் குறையும். இரண்டு வகைச் சொட்டு இருந்தால் நடுவே அஞ்சு நிமிஷம் விடுங்கள். களிம்பு கடைசியில்.

மூணாவது நாளே சரியாயிடுச்சு. நிறுத்திடலாமா? (குறிஞ்சிப்பாடி)

சீட்டில் எழுதிய நாள் வரைக்கும் விடுங்கள். மாக்ஸிஃபுளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சொட்டு என்றால் வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். மற்றவற்றுக்குக் கணக்கு வேறு. சிலதில் முதல் இரண்டு நாள் இரண்டு மணிக்கொரு தடவைகூட இருக்கும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று பதினைந்து நாள் இழுப்பதும் தப்பு. மாறாக, ரெண்டு மூணு நாள் ஒழுங்காக விட்டும் கொஞ்சமும் குறையவில்லை என்றால் மருந்தும் நோயும் பொருந்தவில்லை, திரும்பப் போய்க் காட்டுங்கள்.

மிச்சத்த ஃபிரிட்ஜ்ல வெச்சா அடுத்த வருஷம் ஆகும் இல்ல? எக்ஸ்பைரி 2027னு போட்டிருக்கு. (கடலூர் முதுநகர்)

அந்தத் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கு. திறந்துவிட்டால் 28 நாள், அதிகம் போனால் ஒரு மாதம். திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதி வைப்பது என் பழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 மி.லி. பாட்டிலில் ஏறத்தாழ 100 சொட்டு. இரண்டு கண்ணுக்கும் மூன்று வேளை ஏழு நாள் விட்டாலும் 42தான். பாதிக்கு மேல் மிச்சம் ஆவது இதனால்தான். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனசு வராது, புரிகிறது. கொட்டத்தான் வேண்டும். ஃபிரிட்ஜ் எல்லாச் சொட்டுக்கும் தேவையில்லை. குளோராம்பெனிகால் போன்ற சிலதுக்குத்தான், லேபிளே சொல்லும். வெயிலில், வண்டி டிக்கியில் வைக்காதீர்கள். ஒரே பாட்டிலை வீடே பங்கு போட்டுக்கொள்வதும் வேண்டாம், கிருமியையும் சேர்த்துத்தான் பங்கு போடுவீர்கள்.

காதுக்குக் குடுத்த சொட்டு கண்ணுக்கு ஆகுமா? (வில்லியனூர்)

ஆகாது. சில பாட்டிலில் கண், காது இரண்டுக்கும் என்றே எழுதியிருக்கும், அது வேறு. காதுக்கு மட்டும் என்றால் கண் பக்கமே கொண்டுபோகக் கூடாது. எங்கள் வீட்டிலேயே நடந்தது. அத்தை விடியற்காலையில் லைட் போடாமல், காது அழுக்கு கரைக்கும் சொட்டைக் கண்ணில் விட்டுக்கொண்டு அலறினார். இரண்டு பாட்டிலும் ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. குழாயடியில் கால் மணி நேரம் கண்ணைத் திறந்து கழுவி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தப்பித்தது. இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்தது நான்தான், இப்போதும் அத்தை சொல்லிக்காட்டுவார்.

பேத்தி பொறந்து அஞ்சு நாள். கண்ணு ரெண்டும் வீங்கி சீழா வருது. தாய்ப்பால் விட்டா சரியாப் போயிடும்னு சொல்றாங்க. (பாகூர்)

வேண்டாம் அம்மா. பிறந்து 28 நாளுக்குள் சீழ் வந்தால் அது அவசரம். பிரசவத்தில் தாயிடமிருந்து வரும் சில கிருமிகள் ஓரிரு நாளில் கருவிழியையே ஓட்டை போட்டுவிடும். சொட்டு மட்டும் போதாமல் ஊசியும் தேவைப்படலாம், அம்மா அப்பாவுக்கும் சிகிச்சை இருக்கும். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே இன்றைக்கே தூக்கிப்போங்கள். ஒன்றிரண்டு மாதக் குழந்தைக்குச் சிவப்பே இல்லாமல் ஒரு கண்ணில் மட்டும் தண்ணீரும் பீளையுமாக நிற்பது வேறு. அது பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பு, மூக்கோரம் நீவிவிடச் சொல்லிக் கொடுப்பார்கள், பலருக்கு ஒரு வயதுக்குள் திறந்துவிடும்.

நந்தியாவட்டைப் பூ? (திருவந்திபுரம்)

மூடிய கண் மேல் வைத்துக் குளிர்ச்சியாகப் படுத்துக்கொள்ள ஆசையாக இருந்தால், புண் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். சாறு பிழிந்து உள்ளே விடாதீர்கள்.

லென்ஸ் போடறேன். கண்ணு சிவந்திருக்கு, சொட்டு விட்டுட்டு லென்ஸ் போட்டு ஆபீஸ் போகலாமா? (லாஸ்பேட்டை)

லென்ஸைக் கழற்றுங்கள். லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே டாக்டர். சூடோமோனாஸ் என்ற கிருமி லென்ஸோடு சேர்ந்து வந்தால் கருவிழியை ஓரிரு நாளில் கரைத்துவிடும். லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள், பரிசோதனைக்குக் கேட்பார்கள். அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் ஆகிப் பத்து நாளில் வலியும் மங்கலும் என்று பண்ருட்டியிலிருந்து கேட்டிருந்தவருக்கும் இதே பதில்: இன்றைக்கே, ஆபரேஷன் செய்த இடத்துக்கு.

அக்கா, நெல்லிக்குப்பம், கரும்பு சோகை கீறின மாமா. நீங்க சொன்ன அன்னிக்கே போயிட்டோம். கருவிழிய லேசா சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க, பூஞ்சைதான்னாங்க. பழைய சொட்ட நிறுத்தச் சொல்லி நாட்டமைசின் குடுத்திருக்காங்க. ஒரு மணிக்கு ஒரு தடவை விடணுமாம். ராத்திரியிலுமா?

டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தால் ராத்திரியிலும்தான். போனில் அலாரம் வையுங்கள், நீங்களும் அத்தையும் முறை போட்டு எழுந்திருங்கள். அது கலங்கலான மருந்து, அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு விடுங்கள். வாரக்கணக்கில் ஆகும், வெள்ளை உடனே குறையவில்லையே என்று மாமா பழைய பாட்டிலைத் தேடுவார். அது இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.