வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ்: எதை விடுவது?

கேள்வி: எங்கள் வீட்டு மொழி கன்னடம். மகள் ஓசூரில் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ்வழியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தெருவில் பிள்ளைகளோடு தமிழில் வாயாடுபவள், வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். இன்னும் ‘அரும்பு’ என்ற முதல் நிலையிலேயே இருப்பதால், வீட்டில் கன்னடத்தை நிறுத்திவிட்டுத் தமிழில் மட்டும் பேசுங்கள் என்று ஆசிரியை சொல்கிறார். தளிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த என் மாமியாருக்குத் தமிழ் புரியும், பேச வராது. அவர் மனம் வருந்துகிறார். கணவரோ ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறார். நான் என்ன செய்வது? (ஒரு வாசகி, ஓசூர்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வீட்டில் கன்னடத்தை நிறுத்த வேண்டாம். ஆசிரியையின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் சொன்ன வழியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

தெருவில் வாயாடும் பெண் வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை என்பதை முதலில் பார்ப்போம். பிள்ளைகளோடு விளையாடும்போது கண்ணும் கையும் பாதிப் பேச்சைப் பேசிவிடுகின்றன. பாடத்தில் அந்தத் துணை கிடைப்பதில்லை. ‘மாலாவிடம் 12 நாவற்பழங்கள் இருந்தன. அவற்றுள் ஐந்தைத் தம்பிக்குக் கொடுத்தாள் எனில், மீதம் எத்தனை?’ என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அவற்றுள்’, ‘எனில்’, ‘மீதம்’ ஆகிய சொற்களைக் குழந்தைகள் தெருவில் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளே அங்கே கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறார்கள். புதிய மொழியொன்றில் சரளமாகப் பேசக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதும் என்றும், அதே மொழியில் பாடங்களைப் பிறருக்கு நிகராகப் படிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம் என்றும் கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதினார். உங்கள் மகள் தன் வேகத்தில் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். பெருந்தொற்றுக் கால இடைவெளியை ஈடுசெய்ய 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததே, எந்த வகுப்பு என்று பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து கற்பிப்பதற்காகத்தான். அரும்பில் இருப்பதைக் குறையாக எண்ணி நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் மாமியாரிடம் வருவோம். அவரும் பேத்தியும் திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கும்போது, ‘இதில் எத்தனை கொட்டை? எந்தக் குவியலில் ஜாஸ்தி, எதில் கம்மி? இதிலிருந்து நாலை எடுத்தால் எத்தனை மிஞ்சும்?’ என்று கன்னடத்தில் கேட்கட்டும். கழித்தல் என்றால் என்ன என்பது அங்கே புரிந்துவிட்டால், பள்ளியில் ‘மீதம்’ என்ற சொல்லை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். கருத்தையும் சொல்லையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டிய திண்டாட்டம் இருக்காது. (ஜாஸ்தியும் கம்மியும் ஓசூரில் தமிழ் பேசும் வீடுகளிலும் புழங்குவது வேறு கதை.) அதற்கு மாறாக, நீங்கள் எல்லோரும் தட்டுத் தடுமாறித் தமிழில் பேசத் தொடங்கினால், குழந்தைக்குக் கிடைப்பது ‘சாப்பிடு, தூங்கு, படி’ என்ற ஏவல் தமிழாகத்தான் இருக்கும், பாட்டியின் கதையும் கேள்விக்குப் பதில் சொல்லும் நீண்ட பேச்சும் வீட்டிலிருந்து போய்விடும். படிப்புக்கு அடித்தளம் அந்த நீண்ட பேச்சுதான்.

மேலும், கன்னடம் தமிழுக்கு அயல் அல்ல. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு. இந்த ஒழுங்கை ஆசிரியை வகுப்பில் ஒருமுறை விளையாட்டாகக் காட்டினால், உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் தாங்களாகவே அடுத்த சொல்லைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் கன்னட எழுத்தை இப்போதே கற்றுக்கொடுக்க அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. தமிழில் தடையின்றி வாசிக்கத் தொடங்கிய பிறகு, மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பில் அதை வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணவரின் யோசனையைப் பொறுத்தவரை, பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கர்நாடக வழக்கொன்றில் தெளிவாகவே கூறியிருக்கிறது. எனினும், தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின் நோக்கமே எல்லாப் பள்ளிகளிலும் தமிழைக் கட்டாயப் பாடமாக்குவதுதான் என்பதால், ஆங்கிலவழிக்குப் போனாலும் தமிழ் அவளை விடாது. இப்போது ஓரளவு பழகிய மொழியில் நடக்கும் பாடங்கள், வீட்டிலும் தெருவிலும் யாரும் பேசாத மொழிக்கு மாறும். ஆங்கிலத்தை அவள் இப்போதும் ஒரு பாடமாகப் படிக்கத்தானே செய்கிறாள்? இந்த வயதில் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் அரசமைப்புச் சட்டத்தில் 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர வேண்டும் என்கிறது. ஒடிசாவில் 2007 முதல் சாந்தாலி, சவரா, குவி முதலிய பழங்குடி மொழிகளில் படிப்பைத் தொடங்கி, படிப்படியாக ஒடியாவுக்குக் கொண்டுசெல்லும் முறையை நடத்திவருகிறார்கள். உங்கள் பகுதியிலும் கன்னடவழி அரசுப் பள்ளிகள் உண்டு. ஆயினும் மகளுக்குத் தோழிகள் அமைந்துவிட்ட பள்ளியிலிருந்து அவளைப் பிடுங்கி நடுவதைவிட, இருக்கும் பள்ளியிலேயே கன்னடத்துக்குச் சற்று இடம் கேட்பதுதான் எளிது.

ஆசிரியையிடம் குறை சொல்லும் தொனியில் பேச வேண்டாம். ‘அவளுக்குப் பதில் தெரிந்திருக்கலாம், தமிழில் சொல்லத்தான் வரவில்லை, முதலில் கன்னடத்தில் சொல்லவிட்டுப் பிறகு தமிழில் சொல்ல வைக்க முடியுமா?’ என்று கேளுங்கள். அவருக்குக் கன்னடம் தெரியாவிட்டாலும் வகுப்பில் தெரிந்த பிள்ளைகள் இருப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்பதால், நூலகத்துக்குச் சில கன்னடக் கதைப் புத்தகங்கள் கேட்பதும் நடக்காத காரியமல்ல. அதுவரை, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதை கன்னடத்திலும் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கும். நீங்கள் கன்னடத்தில் படித்துக்காட்டுங்கள். அதே கதையைத் தமிழில் அவள் பாட்டிக்குப் படித்துக்காட்டட்டும். புரியாத இடத்தில் பாட்டி நிறுத்திக் கேட்பார், அவள் கன்னடத்தில் விளக்குவாள்.