'இல்லை' என்று எழுதுவதற்கு முன்

வணக்கம்,

என் அப்பா போன மாதம் 88 வயதில் காலமானார். மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியன், பெரும்பாலும் டி.பி. பிரிவில் சளி பரிசோதனை. ரிட்டயரான பிறகும் கண் ஒத்துழைத்தவரை ஒரு மிஷன் ஆஸ்பத்திரி லேபில் போய் உட்கார்ந்தார். "இருக்குன்னு எழுதுறது சுலபம், இல்லைன்னு எழுதத்தான் பயமா இருக்கும்" என்பார். எனக்கு அது சரியாகப் புரிந்ததில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் "டாக்டர்களுக்கு உதவியா இருந்தவர்" என்றார்கள். அவ்வளவுதானா?

எம்.

அன்புள்ள எம்.,

அவ்வளவு இல்லை. அப்பா சொன்ன அந்த ஒரு வரியில் அவருடைய வேலை முழுக்க இருக்கிறது.

சளியைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்துக் காயவைத்து, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டி ஆவி எழும் வரை சூடாக்குவார்கள், கொதிக்க விடக்கூடாது. அப்புறம் அமிலத்தால் கழுவி மெத்திலீன் நீலம். டி.பி. கிருமி மட்டும் அமிலத்துக்கும் அசையாமல் சிவப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், நீலத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். கிருமி நிறைய இருந்தால் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த சில நிமிடத்திலேயே மாட்டிவிடும். கண்ணில் படவில்லை என்றால் ஸ்லைடை நகர்த்தி நகர்த்திக் குறைந்தது 100 இடமாவது பார்த்த பிறகுதான் நெகட்டிவ் என்று எழுதலாம். நாற்பதாவது இடத்தில் தலையை நிமிர்த்தி எழுதிவிட்டால் அந்த நேரத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. நோயாளி சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார், குழந்தைகளோடு ஒரே அறையில் படுத்து மாதக்கணக்கில் இருமுவார். போதாததற்கு, ஒரு மில்லி சளியில் சில ஆயிரம் கிருமியாவது இருந்தால்தான் இந்த முறையில் தெரியும் என்பதால், ஒழுங்காகப் பார்த்தாலும் தவறிப்போக இடமுண்டு. அப்பாவின் பயம் அதுதான் என்று நினைக்கிறேன். தினமும் குவியும் ஸ்லைடுகளுக்கு முன்னால் பணிக்காலம் முழுக்க அந்தப் பயத்தை மழுங்கவிடாமல் வைத்திருப்பது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சானடோரியம் என்ற டி.பி. நோயாளிகள் தங்கும் மருத்துவமனையிலும் இன்னொரு பிரிவுக்கு நெருக்கடியான அவரவர் வீட்டிலேயும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் இருந்தும், வீட்டில் இருந்தவர்கள் அவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே குணமானார்கள். 1959இல் வெளியான அந்த முடிவுதான் டி.பி. என்றால் ஊரைவிட்டு, குடும்பத்தைவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும் என்ற நிலையை உலகம் முழுக்க மாற்றியது. சரி, குணமானார்கள் என்று எதை வைத்துச் சொன்னார்கள்? எக்ஸ்ரே ஒரு பக்கம், ஆனால் முக்கியமாக சளியில் கிருமி இல்லை என்பதை வைத்து. அப்படி 'இல்லை' என்று எழுதிய லேப் ஆட்களை நம்பித்தான் அந்த முடிவே நின்றது. அவர்கள் யாரென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அந்தக் காலத்தில் ரத்த அணுக்களை எண்ணவும் பிபெட் என்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில் வாயால்தான் ரத்தத்தை உறிஞ்சினார்கள், கொஞ்சம் அதிகமாக இழுத்தால் நாக்கில் படும். சளி டப்பாவைத் திறக்கும்போது முகத்துக்கு நேரே எந்தத் தடுப்பும் இருக்காது. பல லேப்களில் ஜன்னல் காற்றுதான் பாதுகாப்பு. இதையெல்லாம் தெரிந்தே மறுநாளும் போய் உட்கார்ந்தவரை வெறும் உதவியாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் ஸ்லைடு பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் யாராவது இப்போதும் இருப்பார்கள். தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார், எந்தத் தவறுக்குக் கோபப்பட்டார், சந்தேகமான ஸ்லைடை யாரிடம் காட்டினார் என்று கேட்டு எழுதுங்கள். நடை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அனுப்பினால் இங்கேயே வெளியிடுகிறேன்.