தொடங்கிவிட்டு வா, தொடங்கியிருந்தால் கிடையாது

வணக்கம் சார்,

எனக்குத் திருவட்டாறு பக்கம். பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஐந்து வருடம் காத்திருந்த பிறகு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வந்தது. இப்போது இரண்டாவது வருடம். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார், மழை பிடித்தால் வேலை இல்லை. ஆறு மாதமாக நான் வீட்டில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போட்டு அக்கம்பக்கத்தில் கொடுக்கிறேன். வாரம் ஐந்து கிலோ போகும். பெரிதாகச் செய்யலாமென்று நான்கு லட்சத்துக்குத் திட்டம் எழுதி வங்கிக்குப் போனேன். தொழிலைத் தொடங்கி ஆறு மாதம் நடத்திக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றார்கள். மானியக் கடனை விசாரித்தால், தொழில் ஏற்கெனவே நடந்தால் கிடையாது என்கிறார்கள். இதற்கிடையில் உதவித்தொகைக்கு, எந்த வேலையும் சுயதொழிலும் செய்யவில்லை என்று உறுதிமொழி எழுதிக்கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் அந்த 600ம் போய்விடும். நான் வேலையில்லாதவளா, தொழில் செய்கிறவளா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசிக் கேள்வியை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதற்கு விடை சொல்ல நம் விதிகளிடம் வார்த்தை இல்லை. ஒரு விதிக்கு நீங்கள் வேலையற்றவர், இன்னொன்றுக்குத் தொழில்முனைவோர். அடுப்படியில் ஐந்து கிலோ பொரித்துக்கொண்டு, எண்ணெய்க்குக் கடைக்காரரிடம் கடன் சொல்லிக்கொண்டு இருக்கிற இந்த ஆறு மாதத்துக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. கை பிடிக்க ஆள் மிகவும் தேவைப்படுகிற காலமும் இதுதான்.

நானும் இந்த இடத்தில் நின்றிருக்கிறேன். 2012இல் வேலையை விட்டுவிட்டு, மார்த்தாண்டத்தை ஒட்டி தட்டச்சும் பைண்டிங்கும் செய்கிற சின்னக் கடை ஒன்று போட நினைத்தேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பித்தேன். மானியத்தோடு கடன் தருகிற, 2008இல் வந்த மத்திய அரசுத் திட்டம் அது. கோப்பு வங்கிக்குப் போய் மாதக்கணக்கில் கிடந்தது. சும்மா இருப்பானேன் என்று மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, ஒரு பழைய கணினியும் தாள் வெட்டும் இயந்திரமும் வாங்கி வேலையைத் தொடங்கிவிட்டேன். அப்புறம்தான் வங்கியிலிருந்து இடம் பார்க்க வந்தார்கள். வந்தவர் நல்ல மனிதர். இயந்திரத்தைப் பார்த்தார், மேசையில் கிடந்த ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார். "தொழில் ஏற்கெனவே நடக்கிறது" என்று எழுதிவிட்டுப் போனார். கோப்பு திரும்பி வந்தது. புதிய தொழிலுக்கு மட்டும்தான் மானியம் என்கிற விதிப்படி அவர் எழுதியது சரி. ஆனால் எட்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் தகுதி என்பது எப்படிச் சரியாகும்? அந்தச் சங்கிலியை மீட்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

அதனால் உங்களிடம் முதலில் சொல்வது இதுதான். கடன் அனுமதி கைக்கு வரும்வரை கடை வாடகைக்கு எடுக்காதீர்கள், இயந்திரம் வாங்காதீர்கள், தொழில் பெயரில் வேறு கடன் எதுவும் வாங்காதீர்கள். இப்போது செய்வதை மறைக்கவும் வேண்டாம். வீட்டு அடுப்பில் சிறிதாகப் போட்டுப் பார்த்தேன், வாங்க ஆள் இருக்கிறது, இனிமேல்தான் தொழிற்கூடம் போடப் போகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

விண்ணப்பத்தை வங்கியில் தொடங்காமல் நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் இருக்கிற மாவட்டத் தொழில் மையத்தில் தொடங்குங்கள். அங்கே இரண்டு திட்டத்தைக் கேட்கலாம். ஒன்று, மாநில அரசு வேலையற்ற இளைஞர்களுக்காக நடத்துவது, மானியம் 25 விழுக்காடு. இன்னொன்று நான் விண்ணப்பித்த அதே மத்திய அரசுத் திட்டம். அதில் பெண்கள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். கையிலிருந்து 5 விழுக்காடு போட்டால் போதும், உங்கள் நான்கு லட்சத்துக்கு 20,000 ரூபாய். மானியம் கிராமப்புறத்தில் 35 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 25.

இங்கேதான் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல். குமரியில் பேரூராட்சிகள் மட்டும் ஐம்பதை ஒட்டி இருக்கின்றன. தென்னந்தோப்பும் குளமும் ரப்பர் தோட்டமுமாக, பார்த்தால் கிராமம்தான். ஆனால் ஊராட்சியாக இருந்தால்தான் அந்தக் கணக்கில் கிராமம், பேரூராட்சி நகரத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் திட்டத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. வீடு எங்கே என்பதைவிடத் தொழிற்கூடம் எங்கே வரப்போகிறது என்பதுதான் முக்கியம். இடத்தை முடிவு செய்யுமுன் எல்லையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் என்றதும் பணம் கைக்கு வரும் என்று நினைத்துச் செலவுக் கணக்குப் போட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். வராது. மத்திய அரசுத் திட்டத்தில் அது வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாகக் கிடக்கும். அந்த அளவுக்குக் கடனுக்கு வட்டி போட மாட்டார்கள். மூன்று வருடம் ஒழுங்காக நடத்தினால் கடனில் கழித்துவிடுவார்கள்.

அதனால் உங்கள் திட்ட அறிக்கையை ஒருமுறை திருத்த வேண்டும். இயந்திரத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் போட்டு, நடைமுறை மூலதனத்துக்கு நாற்பதாயிரம்தான் வைத்திருந்தீர்கள் என்றால் எனக்குப் பயம். சீவும் இயந்திரம் ஒருநாள் வாங்குவது. காயும் தேங்காய் எண்ணெயும் வாரா வாரம் வாங்குவது. ஓணம் நெருங்கினால் ஏத்தன் குலையின் விலை எப்படி ஏறும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2025இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறியபோது நல்ல வியாபாரம் இருந்தும் சட்டியை இறக்கி வைத்தவர்கள் உண்டு. கடைக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் வரப் பதினைந்து நாள், காய்க்காரருக்கு அன்றைக்கே பணம். இந்த இடைவெளியைத் தாங்க எவ்வளவு வேண்டும் என்று உங்கள் ஐந்து கிலோ அனுபவத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். அறிக்கை எழுதித் தருகிற ஆளுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்டால், இவ்வளவு சிறிய தொழிற்கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்று பணிவாகச் சொல்லுங்கள். உங்கள் நான்கு லட்சத்துக்கு அந்த விதி பொருந்தும். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தந்தால் அதை எடுத்துக்கொண்டு மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கிற முன்னோடி வங்கி மேலாளரிடமோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கோ போகலாம். வாயால் சொன்ன மறுப்பை எங்கேயும் எடுத்துக்கொண்டு போக முடியாது. எல்லாம் தட்டிப்போனால், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் இருக்கிறது. நடக்கிற தொழிலுக்கும் கொடுப்பார்கள், ஆனால் மானியம் இல்லை. அதனால் அது கடைசியில்தான்.

இனி அந்த உறுதிமொழி. கையெழுத்துப் போடாதீர்கள். மழைக்காலத்தில் 600 ரூபாய் என்பது அரிசி என்று எனக்குத் தெரியும், லேசாகச் சொல்லவில்லை. மூன்று வருடமும் வாங்கினால்கூட மொத்தம் 21,600 ரூபாய். பொய் எழுதிக்கொடுத்தால் நாளைக்கு உங்கள் மேல் கடுப்புள்ள ஒருவர் ஒரு மனு போட்டால் போதும், திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கடன் கோப்பும் அதோடு கெடும். சுயதொழிலில் இறங்குவதால் உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளலாம் என்று நீங்களே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் இது உங்களிடம் கேட்கக் கூடாத ஒன்று. ஐந்து வருடம் காத்திருக்க வைத்து, 600 ரூபாய் கொடுத்து, ஒரு பெண் தன் கையால் நூறு ரூபாய் சம்பாதித்த அன்றைக்கே அதைப் பிடுங்குவது எந்த வகையில் உதவி? தொழில் தொடங்குகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் இன்னும் ஒரு வருடம் உதவித்தொகை தொடரும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உண்மையைச் சொல்கிறவருக்கு நஷ்டம் வராது. மானியத் திட்டத்திலும், விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாத வீட்டு முயற்சி தகுதியைக் கெடுக்காது என்று தெளிவாக எழுத வேண்டும். இதை மனுவாக எழுதி அனுப்பப் போகிறேன். உங்கள் கடிதத்தைப் பெயர் இல்லாமல் இணைக்கலாமா என்று சொல்லுங்கள்.

கோணத்துக்குப் போகிறபோது எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததற்குச் சீட்டு வாங்கி, தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.