தலைவர்களின் வீட்டு விவகாரம் எப்போது ஊர் விவகாரம் ஆகிறது? கேள்வி பதில்

செய்தி மேசையில் 20 வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், அரசியல்வாதியும் மனுஷன்தானே? அவர் வீட்டில் நடப்பது நமக்கு எதற்கு?

பெரும்பாலும் எதற்கும் இல்லை. எங்கள் மேசைக்கு வந்த துப்புகளில் முக்கால்வாசி குப்பைக்கூடைக்குத்தான் போயின. அவர் வகிக்கும் பதவியையோ பொதுப் பணத்தையோ இந்தச் சமாச்சாரம் தொடுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். தொடவில்லை என்றால் அது வெறும் வம்பு.

கேள்வி: ஆனால் மக்கள் அதைத்தானே விரும்பிப் படிக்கிறார்கள்?

படிப்பார்கள். நானும் படிப்பேன்! ஆசைப்பட்டுப் படிப்பது வேறு, தெரிந்தே ஆகவேண்டியது வேறு. மொனாக்கோ இளவரசி கரோலின் தொடுத்த வழக்கில் 2004-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்தக் கோட்டைத்தான் போட்டது: வெளியான படம் பொது விவாதத்துக்கு ஏதாவது சேர்க்கிறதா? அவர் கடைக்குப் போன படம் எதையும் சேர்க்கவில்லை. பதவியில் இருக்கும் அரசியல்வாதி என்றால் கணக்கு வேறு என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

கேள்வி: திருமணம் தாண்டிய உறவு என்றால் எழுதலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அக்கா.

ஒரே வார்த்தையில் முடியாது தம்பி. 1963-இல் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோவை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டீன் கீலர் என்ற பெண்ணோடு பழக்கம். அது மட்டும் என்றால் அவர் வீட்டுப் பாடு. ஆனால் அதே பெண்ணுக்கு சோவியத் கடற்படை அதிகாரி ஒருவரோடும் பழக்கம் இருந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். அதோடு, தவறாக எதுவும் நடக்கவில்லை என்று மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். ஜூனில் அது பொய் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அவரை வீழ்த்தியது அந்தப் பொய்.

கேள்வி: தலைவரின் நோய்? அதைவிட அந்தரங்கம் ஏது?

இதில்தான் எனக்கே பல தடவை மனசு மாறியிருக்கிறது. பிரான்ஸ் அதிபர் மித்தரான் 1981-இல் பதவி ஏற்ற சில மாதங்களிலேயே புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. தன் உடல்நிலையைத் தவறாமல் அறிவிப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர். அறிவிப்புகளும் வந்துகொண்டே இருந்தன, நலமாக இருக்கிறார் என்று! 1992 வரை ஊருக்கு உண்மை தெரியாது. நாட்டை ஆளும் உடம்பு அது, அணு ஆயுதப் பொத்தான் அவர் கையில். சாதாரண சட்டமன்ற உறுப்பினரின் சர்க்கரை அளவை அதோடு ஒப்பிட முடியுமா?

மித்தரானுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு மகளும் இருந்தார். அந்தப் பெண்ணின் படத்தை 1994-இல் ஒரு பத்திரிகை வெளியிட்டபோது, அதெல்லாம் அவர் சொந்த விஷயம் என்று பலர் முகம் சுளித்தார்கள். படம் போட்டதை நானும் ரசிக்கவில்லை. ஆனால் அந்த ரகசியத்தைக் காக்க அதிபர் மாளிகையிலேயே ஒரு குழு, அதை வெளியிடுவேன் என்று மிரட்டிய எழுத்தாளரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டிருக்கிறது. 2005-இல் பாரிஸ் நீதிமன்றம் அந்த ஆட்களைத் தண்டித்தது. மகள் இருப்பது அந்தரங்கம். அதை மூட அரசு எந்திரத்தை ஏவினால் அது அந்தரங்கம் இல்லை.

கேள்வி: பிள்ளைகளை விட்டுவிட வேண்டும்தானே?

ஒரு ராத்திரி, அமைச்சர் ஒருவரின் மகன் பள்ளிச் சீருடையில் கார் கண்ணாடிக்குப் பின்னால் அழும் படம் வந்தது. அப்பா மேல் வழக்குப் பதிவான நாள். "மற்றவர்கள் போடுவார்கள்" என்றார் பக்கம் அமைப்பவர். "போடட்டும்" என்று எடுத்து வைத்துவிட்டேன். மறுநாள் வேறு பத்திரிகையில் பெரிதாக வந்திருந்தது, எனக்கு நல்ல திட்டு கிடைத்தது. அதே பையன் வளர்ந்து அப்பா துறையில் ஒப்பந்தம் எடுத்திருந்தால் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பேன்.

கேள்வி: இந்தியச் சட்டம்?

சுருக்கமாக: 1994-இல் ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தரங்கம் உரிமைதான், ஆனால் பதவிக் கடமை சார்ந்த செயல்களுக்கு அதிகாரிகள் அந்தக் கேடயத்தைத் தூக்க முடியாது என்றது. உண்மையா பொய்யா என்றே பார்க்காமல் எழுதினால் மட்டும் பத்திரிகை தப்ப முடியாது.

கேள்வி: பெண் அரசியல்வாதி என்றால் ஏன் உடனே நடத்தையைப் பேசுகிறார்கள்?

பேசுகிறவர்களின் கைச்சரக்கு அவ்வளவுதான். நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருந்தேன்: பெயரை மாற்றி ஆண் பெயர் போட்டுப் படி. செய்தி காணாமல் போனால் அது செய்தியே இல்லை.

கேள்வி: ஒரு தலைவரின் படுக்கையறை வீடியோ என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. என்ன செய்ய?

அழித்துவிடுங்கள். எனக்கு அனுப்பாதீர்கள்.